வலது கையை மூடினால் சி3 அலை ஏன் குறைகிறது?

சாட்ஸ்வர்த்_தம்பி:
வணக்கம். டர்பனில் மின்பொறியியல் கடைசி வருஷம் படிக்கிறேன். ப்ராஜெக்டுக்காக அண்ணன் தலையில் மின்முனை ஒட்டி மூளை அலை பதிவு செய்கிறேன். இடப்பக்கம் சி3 இடத்தில் (வலது கை அசைவைக் கவனிக்கும் மூளைப் பகுதிக்கு மேலே) 10 ஹெர்ட்ஸில் நல்ல அலை வருகிறது. வலது கையை மூடச் சொன்னால் அது கூடாமல் குறைகிறது! கை வேலை செய்தால் மூளையும் அதிகம் வேலை செய்ய வேண்டாமா? ஒயர் கழன்றிருக்குமோ? இரண்டு விநாடிக்கு ஒரு தடவை கையை மூடித் திறக்கிறார்.

இஇஜி_அக்கா:
தம்பி, ஒயர் சரியாகத்தான் இருக்கிறது. அது மியூ அலை, 8 முதல் 13 ஹெர்ட்ஸ். பிரான்சில் ஆன்ரி காஸ்டோ 1952இலேயே இதைப் பற்றி எழுதிவிட்டார். கை அசைந்தால் எதிர்ப்பக்கத்தில் அடங்குவதுதான் அதன் குணம்.

அலை பெரிதாக இருந்தால் வேலை அதிகம் என்று அர்த்தமில்லை. ஏகப்பட்ட நரம்பு செல்கள் சேர்ந்து ஏறி இறங்கினால்தான் தலைக்கு மேலே கோடு எழும்பும். காவடி ஊர்வலத்தில் உறுமிகள் எல்லாம் ஒரே அடி அடித்தால் தெருமுனை வரைக்கும் தாளம் கேட்கும். ஆளுக்கொரு அடி அடித்தால் எல்லோருடைய கையும் ஓடிக்கொண்டிருந்தாலும் தாளம் எட்டாது. இங்கேயும் அப்படித்தான், கை அசையும்போது செல்கள் ஆளுக்கொரு வேலையில் இறங்கிவிடும், சேர்ந்து எழும் அலை குறையும்.

நான் ஆஸ்பத்திரியில் இஇஜி, அதாவது மூளை அலைப் பதிவு, எடுக்கிறவள். எனக்கு மிகவும் பிடித்த அலை இது. சிலருக்கு ஒரு பக்கம் மட்டும் கூர்கூராக வந்து, வலிப்பு அலையோ என்று பயம் காட்டும். எதிர்க்கையை மூடச் சொல்வேன், அடங்கினால் மியூ. கண் திறந்தால் அடங்குவது பின்மண்டையில் வரும் ஆல்ஃபா என்ற அலை, மியூ அதற்கு அசையாது. கையை மூடுவதாக மனதில் நினைத்தாலே மியூ குறையும். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அது ஆச்சரியம்தான்.

ஆனால் இரண்டு விநாடி இடைவெளி போதவே போதாது. யாரும் சொல்லாமல் அவராகவே அசைக்கும்போது, கை அசைவதற்குச் சுமார் இரண்டு விநாடி முன்பே மியூ குறையத் தொடங்கும். அசைவு நின்றதும் 20 ஹெர்ட்ஸ் பக்கம் பீட்டா என்ற வேகமான அலை சட்டென்று பழைய அளவையும் தாண்டி எழும்பும். எல்லாம் ஒன்றோடொன்று கலந்துவிடும். பத்து விநாடியாவது விடுங்கள். அப்புறம், அண்ணன் அன்றைக்குத் தலைக்கு எண்ணெய் வைக்கக் கூடாது.

பீனிக்ஸ்_அண்ணாச்சி:
லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டுங்கள், 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் குறையும். பல்லைக் கடித்தால் தசை மின்சாரம் பீட்டாவில் கலக்கும், அதையும் சொல்லி வையுங்கள்.

சாட்ஸ்வர்த்_தம்பி:
இடைவெளி விட்டு எடுத்தேன் அக்கா, பீட்டா எழும்புவது நன்றாகத் தெரிகிறது! பக்கவாதத்தில் எங்கள் ஆயாவுக்கு (பாட்டிக்கு) வலது கை வராது. அவருக்கும் எடுத்துப் பார்க்கலாமா?

இஇஜி_அக்கா:
முதலில் உங்கள் பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் அனுமதி, ஆயாவின் சம்மதம், அவருடைய டாக்டரிடம் ஒரு வார்த்தை. பிறகு வராத கையை மூடுவதாக நினைக்கச் சொல்லுங்கள். அசையாத கைக்கும் மியூ குறைவதுண்டு. அதை வைத்துத்தான் பக்கவாதப் பயிற்சிக் கருவிகள் செய்கிறார்கள். குறையாவிட்டால் அவர் முன்னால் எதுவும் சொல்லாதீர்கள். களைத்துப்போனால் உடனே நிறுத்திவிடுங்கள்.