தோள் மூட்டு நழுவியவர்கள் இங்கே எழுதுங்கள்

இடக்கைச் சுழல்:
மூன்றாவது முறை நழுவியது மைதானத்தில் அல்ல, பஸ்ஸில். மேல் கம்பியைப் பிடித்திருந்தேன், ஓட்டுநர் பிரேக் போட்டார். பிறகு கையைத் தொங்கவிடும் வழக்கமான தூளி, இழுத்துப் பயிற்சி செய்யும் ரப்பர் பட்டை. விலாவுக்கும் முழங்கைக்கும் நடுவே சுருட்டிய துண்டை இடுக்கிக்கொண்டு முன்கையை வெளிப்பக்கம் திருப்புவது; துண்டு விழுந்தால் அந்த எண்ணிக்கை செல்லாது. எட்டாவது வாரம் பிசியோ என்னைப் படுக்கவைத்து, கையைப் பந்தெறியும் நிலைக்குக் கொண்டுபோனார். வலி துளியும் இல்லை. ஆனால் என் மறு கை தானாகப் பாய்ந்து அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. "வலிக்கிறதா?" "இல்லை சார், போய்விடும்போல் இருக்கிறது." இன்றும் பஸ்ஸில் அந்தக் கையை உயர்த்துவதில்லை.

கபடிக்காரி:
எனக்கு 17 வயதில், ரெய்டரின் காலைப் பிடிக்கப் பாய்ந்தபோது. மைதானத்திலேயே ஒருவர் கையை இழுத்து மூட்டைக் குழிக்குள் போட்டுவிட்டார். மேல்கையின் வெளிப்பக்கம் பல வாரம் மரத்துக் கிடந்தது. மேசையில் சாய்ந்து கையைத் தொங்கவிட்டு ஆட்டும் பயிற்சியைப் பார்த்து, "யாருக்குடி தொட்டில் ஆட்டுகிறாய்?" என்பார் பாட்டி. பட்டை, சுவர்த் தண்டால் எல்லாம் முடித்தேன். சடை பின்னத்தான் முடியவில்லை. முழங்கை உயர்ந்து கை பின்னந்தலைக்குப் போனதும் உடம்பு உறைந்துவிடும். ஐந்து மாதம் அம்மாதான் பின்னிவிட்டார். ஒரு நாள் அவர் ஊரில் இல்லை, பள்ளிக்கு நேரமாகிவிட்டது. பாதிப் பின்னலில்தான் கவனித்தேன், கை மேலே இருக்கிறது. அப்படியே நின்று அழுதேன்.

பழைய தோள்:
எனக்கு ஒரே முறைதான், கிணற்றில் குதித்தபோது. கபடிக்காரி, மைதானத்தில் இழுத்துப் போட்டதைச் சாதாரணமாக எழுதாதீர்கள். மரத்துப்போனது நரம்பு நசுங்கியதால் இருக்கலாம். எலும்பு உடைந்திருந்தால் இழுப்பது இன்னும் கேடு. எக்ஸ்ரே எடுத்த பிறகே கை வைக்க வேண்டும். இருபது வயதுக்குள் நழுவினால் திரும்ப நழுவும் வாய்ப்பும் அதிகம். இடக்கைச் சுழல், உங்களுக்குப் பட்டைப் பயிற்சி மட்டும் போதாது. தோளின் குழி ஆழமற்றது, அதைத் தாங்கும் சிப்பி எலும்பு (முதுகுப் பக்கத் தோள்பட்டை எலும்பு) அசையாமல் நிற்கப் பழக வேண்டும். சுவரில் கை ஊன்றி, முழங்கையை மடக்காமல் முதுகை மட்டும் பின்னுக்குத் தள்ளுங்கள். ஜிம்மில் கம்பியைக் கழுத்துக்குப் பின்னால் இழுக்கும் பயிற்சியைத் தொடவே தொடாதீர்கள். மூன்று முறை என்றால் குழியின் விளிம்புச் சவ்வு கிழிந்திருக்கலாம், எம்.ஆர்.ஐ. பார்த்தீர்களா? பார்க்காமல் எட்டாவது வாரத்தில் பந்தெறியும் நிலைக்குக் கையைக் கொண்டுபோகலாமா?

இடக்கைச் சுழல்:
பார்த்தாயிற்று அண்ணா, கிழிசல்தான். அறுவைச் சிகிச்சைக்குத் தேதியும் கொடுத்துவிட்டார்கள். கபடிக்காரி, பின்னும்போது கண்ணாடி பார்த்தீர்களா, பார்க்கவில்லையா?

கபடிக்காரி:
பார்க்கவில்லை. கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.