புதுப்பிப்பு: பெரிய சி கோப்பைப் பிரிப்பதில் உள்ள இடர்கள்

சி நிரல்மொழியில் எழுதிய ஒரு பெரிய மூலக் கோப்பைப் பல சிறு கோப்புகளாகப் பிரிக்கலாமா என்று முந்தைய இழையில் கேட்டிருந்தேன். பிரித்தபின் தெரியவந்தவற்றை இங்கே சேர்க்கிறேன்.

முதன்மையான இடர் ஸ்டேடிக் (static, ஒரு பெயரை அதன் கோப்புக்குள் மட்டும் அடக்கும் குறிச்சொல்) அறிவிப்புகளில்தான் இருக்கிறது. ஒரு கோப்புக்குள் மட்டும் புழங்கிய செயற்கூறை (function) இன்னொரு கோப்பிலிருந்து பெயர் சொல்லி அழைக்க, ஸ்டேடிக்கை நீக்கியாக வேண்டும். நீக்கியதும் அப்பெயர் நிரல் முழுவதற்கும் பொதுவாகி, வேறெங்கோ உள்ள அதே பெயருடன் மோதக்கூடும். மாறிகளில் நிலைமை இன்னும் மோசம். ஸ்டேடிக் மாறியை அப்படியே ஹெடர் கோப்புக்கு (பல சி கோப்புகள் பொதுவாகச் சேர்த்துக்கொள்ளும் அறிவிப்புக் கோப்பு) மாற்றினால், அதைச் சேர்க்கும் ஒவ்வொரு சி கோப்புக்கும் தனி நகல் உருவாகிவிடும். கம்பைலர் அதைப் பிழையாகக் கொள்ளாது, ஆனால் ஓரிடத்தில் மாற்றிய மதிப்பு மற்றோரிடத்தில் பழையபடியே இருக்கும். ஸ்டேடிக்கும், மாறி வேறிடத்தில் இருப்பதாகச் சொல்லும் எக்ஸ்டர்னும் (extern) இல்லாமல் ஹெடரில் எழுதினாலோ, 2020இல் வந்த ஜிசிசி 10 கம்பைலர் முதல் இயல்பாகவே, கோப்புகளை ஒன்றாக இணைக்கும் லிங்கரில் பிழை எழும். சத்தமில்லாத பிழையைவிட அது எவ்வளவோ மேல்.

நிரலின் வேகமும் குறையலாம், ஏனெனில் ஒரு கோப்பின் செயற்கூறை மற்றொன்றில் இன்லைன் செய்ய (அழைக்கும் இடத்திலேயே அதன் நிரல்வரிகளைப் பதிக்க), இணைக்கும் நேர உகப்பாக்கத்தை (link-time optimization) இயக்க வேண்டும். எஸ்கியூலைட் (SQLite) தரவுத்தள மென்பொருள் தன் நூற்றுக்கும் மேற்பட்ட கோப்புகளை ஒரே சி கோப்பாகத் திரட்டி வெளியிடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நிரல்வரிகளின் மாற்ற வரலாறு தொலையாதிருக்க, நகர்த்தலையும் திருத்தத்தையும் ஒரே கமிட்டில் (ஒன்றாகப் பதியும் மாற்றத் தொகுப்பில்) கலக்கவில்லை. கோப்பு பிரிக்கப்படாத பழைய வெளியீட்டுக் கிளைகளுக்குத் (முந்தைய பதிப்புகளின் நிரல் நகல்கள்) திருத்தங்களைக் கொண்டுசெல்வது மட்டும் இன்னும் கைவேலையாகவே இருக்கிறது.