மறு: பழைய ஸ்போர்ட்ஸ் கார் இன்ஜின்: ஐட்லிங், வார்ம்-அப்புக்குத் தமிழ்

அன்புள்ள நண்பர்களுக்கு,

> ஐட்லிங் - சோம்போட்டம், வார்ம்-அப் - சூடேற்றம், வார்ம்-அப் ரெகுலேட்டர் - சூடேற்றச் சீராக்கி என்று வைக்கலாமா?

சோம்போட்டம் வேண்டாமே. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தபின்னும் இன்ஜின் தன் உராய்வைச் சமாளித்து, ஆல்டர்னேட்டரையும் சுழற்றிக்கொண்டுதான் ஓடுகிறது. அப்போது சக்கரத்தின் சுமை மட்டும்தான் இல்லை. 'வெற்றோட்டம்' அதைச் சொல்லிவிடுகிறது. 'நின்றோட்டம்' என்று இன்னொருவர் எழுதியிருந்தார். அழகான சொல்தான், ஆனால் நியூட்ரலில் உருண்டுகொண்டிருக்கும் காரிலும் ஐட்லிங் உண்டு.

வார்ம்-அப்புக்குச் 'சூடேறல்' போதும். 'சூடேற்றம்' என்றால் ஏறுவதா, ஏற்றுவதா என்பது விளங்காது. காரை நிறுத்திவைத்து இன்ஜினைச் சூடேற்றும் பழக்கமே அவ்வளவு நல்லதல்ல. குளிர்ந்த இன்ஜினுக்குப் போகும் செறிந்த கலவையில் (காற்றுக்குப் பெட்ரோல் இயல்பைவிடக் கூடுதலாக இருக்கும் கலவையில்) நெடுநேரம் ஓடினால், ஆவியாகாத பெட்ரோல் சிலிண்டர் சுவரின் எண்ணெய்ப் படலத்தைக் கழுவி, கீழே இறங்கி ஆயிலையும் நீர்த்துப்போகச் செய்யும். ஓட்டம் சற்று நிலைப்பட்டதும் மெதுவாகக் கிளம்பி, ஆயில் சூடாகும்வரை ஆர்.பி.எம்.-ஐ அடக்கி ஓட்டுவதே மேல்.

மூன்றாவதான வார்ம்-அப் ரெகுலேட்டர்தான் சிக்கல். 1970களின் போர்ஷே 911 போன்ற கார்களில் வந்த பாஷ் கே-ஜெட்ரானிக் என்ற எரிபொருள் செலுத்தும் அமைப்பில் இருக்கும் இந்தப் பாகம் சூடேறலைச் சீராக்குவதே இல்லை. உள்ளே வரும் காற்று ஒரு தட்டைத் தூக்கும். தட்டு ஒரு தண்டை மேலே தள்ளும். தண்டு உயர உயர எரிபொருள் கூடும். அந்தத் தண்டின் தலையை மேலிருந்து அழுத்தும் எரிபொருள் அழுத்தத்தைத்தான் இந்தப் பாகம் மாற்றுகிறது. குளிர்ந்த இன்ஜினில் அழுத்தத்தைக் குறைத்து வைக்கும். அதனால் அதே அளவு காற்றுக்குத் தண்டு கூடுதலாக ஏறும், கலவை செறியும். உள்ளே இருக்கும் ஈருலோகப் பட்டை மின்சாரத்தால் சூடாகச் சூடாக அழுத்தம் உயர்ந்து கலவை இயல்புக்கு வரும். தண்டை அழுத்தும் அந்த அழுத்தம்தான் கட்டுப்பாட்டழுத்தம் (கன்ட்ரோல் பிரஷர்), ஆகவே 'கட்டுப்பாட்டழுத்தச் சீராக்கி'. நாக்கு கொஞ்சம் சுளுக்கும், பரவாயில்லை. பழுது பார்ப்பவர் அழுத்தமானியை எங்கே மாட்டுவது என்பதைப் பெயரே காட்டிவிடும்.

இதோடு பலர் குழப்பிக்கொள்வது துணைக்காற்று வால்வு. குளிரில் திறந்து, த்ராட்டிலை (ஆக்சிலரேட்டரை மிதித்தால் திறக்கும் காற்றுத் தகட்டை) சுற்றி வேறு வழியாகக் காற்றை விட்டு வெற்றோட்டத்தை உயர்த்துவது அதன் வேலை. மூடியபடி சிக்கினால், காலையில் ஸ்டார்ட் ஆன கையோடு வண்டி ஆஃப் ஆகும். திறந்தபடி சிக்கினால், சூடான பின்னும் ரேஸ் இறங்காது. ஐட்லிங் ஏறி இறங்கி ஆடுவதற்கு 'வெற்றோட்ட அலைவு' என்று வைக்கலாம். காற்றை அளவிடும் அந்தத் தட்டைத் தாண்டி எங்காவது காற்று கசிந்து நுழைகிறதா என்று முதலில் பார்க்க வேண்டிய கோளாறு அது.

அப்புறம், குளிரில் ஸ்டார்ட் செய்யக் கலவையைச் செறிவாக்கும் சோக்குக்கு யாரோ 'மூச்சடைப்பான்' என்று முன்மொழிந்திருந்தார்கள். காற்றை அடைக்கும் தகடு இருக்கும் கார்புரேட்டருக்கு அது பொருந்தும். வெபர் டி.சி.ஓ.ஈ. என்ற கார்புரேட்டரில் அப்படித் தகடு கிடையாது, குளிர்த்தொடக்கத்துக்குத் தனிப்பாதை வழியாகச் செறிந்த கலவை போகிறது. எனக்குச் 'செறிவூட்டி' பிடித்திருக்கிறது, இரண்டுக்கும் ஒத்துவரும். ஸ்டியரிங்குக்குக் கீழே இழுக்கிற குமிழைச் சோக் என்றே விட்டுவிடலாம்.

அன்புடன்