புதுப்பிப்பு: உரிந்த பெயின்ட், துருப் படங்கள் தட்டையாக விழும் பிரச்சினை (தீர்ந்தது)

உரிந்த பெயின்ட், துருப்பிடித்த கடை ஷட்டர் போன்றவற்றை நெருக்கத்தில் எடுத்தால் படம் தட்டையாக விழுகிறது, ஓரம் மங்குகிறது, பளபளப்பு அடிக்கிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு நன்றி. முடிவு இதோ.

தட்டைத்தன்மையைத் தீர்த்தது, வெயில் சுவரை உரசிப் போகும் நேரத்தில் எடுக்கச் சொன்ன யோசனைதான். வெளிச்சம் சுவரோடு 10 முதல் 20 டிகிரி சாய்வில் விழுந்தால், சுருண்ட செதில் ஒவ்வொன்றும் கீழ் அடுக்கின் மேல் மெல்லிய நிழல்கோடு போடுகிறது. மூன்று நான்கு பழைய பெயின்ட் பூச்சுகள் தனித்தனியாகத் தெரிகின்றன. காலை, மாலை என்று பொதுவாகச் சொல்ல முடியாது, சுவர் பார்க்கும் திசைதான் கணக்கு. உச்சி வெயிலும் சில சுவர்களை மேலிருந்து உரசும்.

ஓரம் மங்கியது, சென்சார் (கேமராவுக்குள் படம் பதியும் தகடு) சுவருக்கு இணையாக இல்லாததால். ட்ரைபாடில் வைத்து, திரையின் கட்டக்கோடுகளை ஷட்டர் மடிப்போடு பொருத்தி, லென்ஸ் துளையை எஃப்/8 வைத்தால் போதும். எஃப்/16 தாண்டித் துளையைச் சுருக்கினால், சிறு துளையின் விளிம்பில் ஒளி வளைந்து பரவுவதால் (டிஃப்ராக்‌ஷன்) மொத்தப் படமும் மென்மையாகிவிடும்.

பலர் சொன்ன போலரைசர் (லென்ஸ் முன் மாட்டும், பளபளப்பைக் குறைக்கும் ஃபில்டர்) இங்கே உதவவில்லை. பெயின்ட் பளபளப்பை அது நன்றாக வெட்டுவது, சுவருக்கு நேர் எதிரான கோட்டிலிருந்து சுமார் 55 டிகிரி சாய்ந்து பார்க்கும்போது. நேர் எதிரே நின்றால் வெளிச்சம்தான் குறையும். கேமராவுக்குப் பின்னால் கறுப்புத் துணி விரித்ததும் பளபளப்பு போய்விட்டது.

எதிர்பாராதது ஒன்று: படச்சட்டம் முழுக்கத் துரு நிறைந்தால் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் (கேமரா தானே நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பு) அந்த ஆரஞ்சைச் சாம்பலாக்கிவிடுகிறது. ஒயிட் பேலன்ஸை வெயிலில் 5500 கெல்வின், நிழலில் 7000 என்று பூட்டிவிடுங்கள்.