வேன் தரையில் கார்பெட்டுக்குப் பதில் வினைல் பலகை: போட்டவர்கள் சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். திருவொற்றியூரில் இருக்கிறோம். பழைய டெம்போ டிராவலர் ஒன்றில் கட்டில், சின்ன சமையல் மேடை எல்லாம் வைத்து, குடும்பத்தோடு ஊர் சுற்றத் தயார் செய்கிறோம். (ஆர்.டி.ஓ. சமாச்சாரம் தனிக்கதை, அதை இங்கே இழுக்கவில்லை.)

தரையில் முன்பு போட்ட கார்பெட் கடற்காற்றில் நமுத்துப்போய் நாறுகிறது. மணல் புகுந்தால் போவதே இல்லை. கிழித்துப் பார்த்தால் கதவுப் படி அருகே பிளைவுட்டும் கறுத்திருக்கிறது. அந்தத் துண்டை வெட்டிவிட்டு மரைன் பிளை (ஈரம் தாங்கும் பிளைவுட்) போடப்போகிறேன். அதில் குழப்பமில்லை.

குழப்பம் வினைல் என்கிற பிளாஸ்டிக் தரைப் பலகையில்தான். 2 மி.மீ. பலகையைப் பசை போட்டு ஒட்டுவதா, ஓரங்கள் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் 5 மி.மீ. கிளிக் வகையை ஒட்டாமல் கோத்துப் போடுவதா? கிளிக் வகைக்குச் சுற்றிலும் கொஞ்சம் இடைவெளி விடவேண்டும். அதன்மேல் கட்டிலையும் அலமாரியையும் திருகினால் பலகை விரிய வழியில்லாமல் உப்பிவிடும். அதனால் அவற்றை முதலில் பிளையில் பொருத்திவிட்டு, நடக்கும் இடத்தில் மட்டும் வினைல் போடலாம் என்று நினைக்கிறேன். ஆனால் எண்ணூர் நெடுஞ்சாலைப் பள்ளங்களில் குலுங்கினால் கிளிக் பூட்டு தாங்குமா?

ஒட்டினால் வேறு கவலை. அக்னி நட்சத்திர வெயிலில் பூட்டிய வேன் அடுப்புதான். எந்தப் பசை இளகாமல் நிற்கும்? கடைக்காரர் எதைக் கேட்டாலும் "தாங்கும் சார்" என்கிறார்.

மாதவரம், செங்குன்றம் பக்கம் இந்த வேலை தெரிந்த பாடி பட்டறை இருந்தாலும் சொல்லுங்கள். ஒரு கோடையாவது தாண்டிய தரையின் படம் இருந்தால் போடுங்கள், புண்ணியமாகப் போகும்.