இன்வெர்ட்டர் 14.4 வோல்ட்லயே நிக்கு, விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

அண்ணாச்சிமாரே, வீரவநல்லூர்ல இருந்து எழுதுதேன். வீட்டு இன்வெர்ட்டர்ல 150 ஏஎச் (ஆம்பியர்-அவர்) டியூபுலர் பேட்டரி, அஞ்சாவது வருசம் ஓடுது. மூணு மாசத்துக்கு ஒருக்க டிஸ்டில்டு வாட்டர் ஊத்துனா போதும்னு இருந்தது, இப்போ மூணே வாரத்துல தண்ணி மட்டம் காட்டுத மிதவை கீழ இறங்கிருது. காது வச்சுக் கேட்டா உலை கொதிக்க மாதிரி சத்தம்.

எனக்குப் புரிஞ்ச வரைக்கும் சார்ஜ் மூணு கட்டமா ஏறணும். காலியா இருக்கும்போது 15 ஆம்பியர் கணக்குல ஒரே சீரா தள்ளும். 14.4 வோல்ட் பக்கம் வந்ததும் வோல்ட்டை அங்கயே பிடிச்சு வச்சுக்கிடும், ஆம்பியர் மட்டும் கொஞ்சங்கொஞ்சமா குறையும். நிறைஞ்சப்புறம் 13.6 கிட்ட இறங்கி சும்மா தக்கவைக்கும். ஆனா நேத்து ராத்திரி பூரா கரண்ட் போகவே இல்ல, காலைல மல்டிமீட்டர் வச்சா அதே 14.4. கிளாம்ப் மீட்டர்ல 6 ஆம்பியர் ஓடிக்கிட்டு இருக்கு!

பேட்டரியை மாத்துங்கன்னு கடைக்காரர் ஒரே வரில முடிச்சிட்டாரு. எனக்கு மனசு ஒப்பல. ஆறு செல்லுல மூணாவதுல மட்டும் தண்ணி சீக்கிரம் வத்துது, அந்தப் பக்கம் தொட்டா சூடாவும் இருக்கு. ஒரு செல் ஷார்ட் ஆனா ஆம்பியர் குறையாம இப்படியே நிக்குமா? இல்ல சார்ஜிங் போர்டு கோளாறா? பின்னால பேட்டரி வகை சுவிட்ச் டியூபுலர்லதான் கிடக்கு.

(தீப்பிடிக்க ஹைட்ரஜன் வாயு வருமேன்னு பக்கத்துல இருந்த சாமி விளக்கை நகத்தி வச்சேன். அதுக்கு அம்மாட்ட வாங்குன ஏச்சு தனிக்கதை.)

ஒவ்வொரு செல்லுலயும் ஆசிட் அடர்த்தி பாக்க ஹைட்ரோமீட்டர் யார்ட்டயாவது இருந்தா சொல்லுங்க. அம்பை, சேரன்மகாதேவி எங்கன்னாலும் ஞாயித்துக்கிழமை வந்து வாங்கிக்கிடுதேன்.