ஆச்சிமார் குமராகிற பகிடி நாடகம்: சனம் ஏன் சிரிக்கேல்லை? (புனைபெயரில நாலு பேர் கதைக்கினம்)

குளக்கட்டு:
கிளிநொச்சிப் பக்கம் ஒரு மாதர் சங்க ஆண்டுவிழாவில போட்ட பகிடி நாடகம், பிரதி திருத்தத்துக்கு வந்திருக்கு. மூண்டு ஆச்சிமார் கோயில் கேணியில முழுகிக் குமருகளாய் எழும்புகினம். அதுக்குப் பிறகு பவுடர், கண்ணாடி, டான்ஸ், பெடியளோட சேட்டை. மொத்தம் 50 நிமிசம். முதல் பத்து நிமிசம் சனம் நல்லாச் சிரிச்சதாம். முழுகி எழும்பினாப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. கடைசிப் பாட்டு வரமுதல் பின்பக்கக் கதிரையள் வெறுமை. வயசான பெண்கள் சிலர் "எங்களைத்தானே நக்கலடிக்கினம்" எண்டு சொல்லிப்போட்டு எழும்பினவையாம். அடுத்த மேடை முல்லைத்தீவில. நடிக்கிறது முழுக்க ஊர்ப் பெண்கள், பெரிய செலவுக்கு வழியில்லை. எங்க கை வைக்கலாம்?

மேடைப்பலகை:
பத்து நிமிசம் சிரிச்சது ஆச்சிமாற்ற கதைக்கு. அந்தக் கதையையும் கேணிக்குள்ள தாட்டுப்போட்டு வெறும் குமருகளை மேடையில விட்டால் ஆர் சிரிப்பினம்? உடம்பு இருபதாகட்டும், பழக்கம் எழுபதிலயே நிக்கவேணும். பாயால எழும்பேக்க முழங்காலில கையை ஊண்டி "அம்மாளாச்சி" எண்டவேணும், கால் நோகேல்லை எண்டது பிறகுதான் பிடிபடவேணும். இல்லாத மூக்குக்கண்ணாடியைத் தேடித் தலையைத் தடவவேணும். வழிஞ்சுகொண்டு பின்னால வாற பெடியனை "என்ன மோனை, சாப்பிட்டியே?" எண்டு கேட்டால் அவன்ர ஆட்டம் அதோட சரி.

அடுத்தது, மூண்டு பேரும் செய்யிறது ஒரே பகிடி. ஒருத்திக்கு முறுக்குக் கடிக்க ஆசை, மற்றவவுக்குச் சைக்கிள் ஓட ஆசை எண்டு பிரிச்சு விடுங்கோ. மூண்டாவது ஆச்சியை மாத்தவே வேண்டாம். நான் இறங்கமாட்டன் எண்டு கரையில நிண்டு மற்ற ரெண்டு பேரையும் குடைஞ்சு எடுக்கட்டும். இப்ப பிரதியில எதிர்த்துக் கதைக்க ஒருத்தரும் இல்லை, அதாலதான் இழுபடுது. 30 நிமிசம் காணும்.

அடையாள அட்டையை ஏன் விட்டனீங்கள்? பழைய அட்டை இலக்கத்தில முதல் ரெண்டும் பிறந்த வருசம், அடுத்த மூண்டும் அந்த வருசத்தில எத்தினையாம் நாள், பெண்ணெண்டால் அதோட 500 கூட்டியிருக்கும். முதியோர் கொடுப்பனவு எடுக்க வந்த இருபது வயசுப் பிள்ளை, 47இல தொடங்கிற அட்டையை நீட்டுறா. விதானையார் (கிராம அலுவலர்) இலக்கத்தை உரத்து வாசிக்கட்டும். 500ஐக் கழிச்சு நாளைப் பார்க்கட்டும். முகத்தைப் பார்க்கட்டும். திரும்ப முதலில இருந்து வாசிக்கட்டும். இதுக்கு ஒரு பகிடி வசனமும் எழுதத் தேவையில்லை, அவர் அவசரப்படாமல் இருந்தால் சரி. இளமை வந்தால் காசு நிண்டுபோகும் எண்ட சிக்கலும் இதில கிடைக்குது. அது இல்லாமல்தான் உங்கட ரெண்டாம் பாதி வெறுமையாய்க் கிடக்குது.

சுண்ணாம்புச்சிமிழ்:
வேசத்தையும் கவனியுங்கோ. திறந்த வெளியில லைற்றை நூத்தாலும் இருட்டு வராது, கடை வெளிச்சத்தில எல்லாம் தெரியும். ஆச்சிக்கு ஒருவர், குமருக்கு ஒருவர் எண்டு ரெண்டு பேரைப் போடுறதுதான் சுகம். கூத்து வரவுக்குப் பிடிக்கிறமாதிரி ரெண்டு பேர் ஒரு வெள்ளைச் சீலையைப் பிடிச்சால், அதுக்குப் பின்னால ஆள் மாறலாம். ரெண்டு பேரும் ஒரே சொல்லையும் ஒரே கைப்பழக்கத்தையும் சேர்ந்து பழகவேணும். அது பிசகினால் ஆர் ஆர் எண்டு சனத்துக்கு விளங்காது.

ஒரே ஆள்தான் எண்டால் குமரின்ர சட்டையை உள்ளுக்குப் போட்டு, மேல சீலை. கொசுவத்தை முதலே மடிச்சு ஒரு இடுப்புப் பட்டியில தைச்சு, பின்னால வெல்குரோ வையுங்கோ. ஊசி குத்தினால் அவசரத்துக்குக் கழராது. நரைக்குப் பவுடர் போடாதேங்கோ, வேர்வையில களியாகி வழியும், தலையை ஆட்டினால் லைற்றில பறக்கிறது தெரியும். தண்ணியில கரையிற வெள்ளைப் பூச்சைப் பழைய பல்லுத் தூரிகையால நெத்தி ஓரத்திலயும் காதடியிலயும் மட்டும் இழுங்கோ, ஈரத்துணியால துடைச்சால் போகும். சுருக்கத்தைக் கறுப்பில கீறினால் பூனை மீசைதான். நெத்தியைச் சுருக்கச் சொல்லி, விழுற மடிப்பிலயே மண்ணிறத்தில கீறி ஓரத்தை விரலால கரைக்கவேணும்.

சிரிப்பு உச்சத்தில நிக்கேக்க வசனம் சொன்னால் ஒருத்தருக்கும் கேளாது, முழுக்க அடங்கவிட்டால் காட்சி படுத்திடும். அடங்கத் தொடங்கேக்க அடுத்த வசனம் விழவேணும். ஒரே மைக்குக்கு முன்னால மாறிமாறி வரிசையில நிண்டால் இது சரிவராது, ரெண்டெண்டாலும் வையுங்கோ.

பின்வாங்கு:
வேசம், மைக் எல்லாம் சரி. அந்தப் பெண்கள் ஏன் எழும்பினவை எண்டதுக்கு ஒருத்தரும் மறுமொழி சொல்லேல்லை. போரில துணையை இழந்து, தனிய நிண்டு வீடு நடத்தின ஆச்சிமார் இஞ்ச முன்வரிசையில இருப்பினம். கிழவி பொட்டு வைச்சிட்டா, பூ வைச்சிட்டா எண்டது அவைக்குப் பகிடியே? அந்த இடங்களை வெட்டுங்கோ. ஆச்சியைப் பார்த்துச் சிரிக்க வைக்காமல், ஆச்சியோட சேர்ந்து விதானையாரைப் பார்த்துச் சிரிக்க வையுங்கோ.

கேணியும் வேண்டாம். திருநீலகண்ட நாயனாரும் மனைவியும் ஒரு மூங்கில் தண்டின்ர ரெண்டு முனையையும் பிடிச்சுக்கொண்டு குளத்தில மூழ்கி இளமையாய் எழும்பினது பெரியபுராணக் கதை. அதைக் கேட்டு வளர்ந்த சனம் முழுகின உடன கும்பிடப் பார்க்குமே தவிரச் சிரிக்காது. சத்தம் நிண்டதுக்கு இதுவும் ஒரு காரணம். கோயில் ஆக்களும் கேள்வி கேட்பினம். ஒரு நாட்டு மருந்தாய் மாத்துங்கோ. நெல்லிக்காய் மாதிரிச் சின்னச் சாமான் எண்டால் பின்வரிசைக்குத் தெரியாது, மருந்தைச் செம்பில குடுத்தால் தெரியும். மருந்தைக் குடிக்கமாட்டன் எண்டு நிக்கிற மூண்டாவது ஆச்சியின்ர வாயில ஒளவையை வையுங்கோ: அவ குமராய் இருக்கேக்க முதுமையைக் கேட்டு வாங்கினவ, நீங்கள் வந்ததைத் திருப்பிக் குடுக்கிறியளோ எண்டு ஒரு வாங்கு வாங்கட்டும்.

குளக்கட்டு:
செம்பு நல்லம். அப்ப முடிவு? இப்ப ஒரு சாமி வந்து எல்லாரையும் பழையபடி ஆக்கிறார்.

மேடைப்பலகை:
சாமியை அனுப்பிவிடுங்கோ, தாங்களாய் முடிவெடுத்துத் திரும்பவேணும். பேத்தி வந்து "ஆரக்கா நீங்கள்?" எண்டு கேட்கிற ஒரு வரி காணும், அழுகைப் பாட்டுப் போட்டால் கெட்டுது. கடைசியில மூண்டாவது ஆச்சி மிஞ்சின மருந்தைக் கிழட்டுச் சேவலுக்கு ஊத்தட்டும், உள்ளுக்கிருந்து கூவல் வரட்டும். கூவுறதுக்கு ஒரு ஆளை மைக்கோட நிப்பாட்டுங்கோ. போனில இருந்து போட்டால் கட்டாயம் பிந்தும்.